வளைவில் ஒரு திமில்

கெமிஸ்ட்ரி லேபில் நான் செய்த காரியத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் யாராவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார்கள். போன பருவத்தில், பியூரெட்டில் எதையும் ஊற்றுவதற்கு முன்பே மூன்று ரீடிங்கையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். விடை எவ்வளவு வரும் என்று மேல் வகுப்புக்காரியின் நோட்டிலேயே இருந்தது. பிறகு எதற்குச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டு கால் கடுக்க நிற்க வேண்டும்? கெமிஸ்ட்ரி சார் என் நோட்டைப் பார்த்தார், காலியாக நின்ற பியூரெட்டைப் பார்த்தார். "வானிலை அறிக்கை வாசிக்கறவங்ககூட இவ்ளோ துல்லியமா முன்கூட்டிச் சொல்றதில்லையேம்மா" என்றார். அன்றிலிருந்து என் பெயர் முன்னறிவிப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப்பதிவோடு சரி.

இன்னொரு தடவை மாட்டினால் செய்முறை வகுப்பிலிருந்தே நீக்கிவிடுவோம் என்று ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "உங்க அக்கா..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். முழுசாகத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் அக்கா அதே பள்ளியில் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தவள். இப்போது கல்லூரியில் பிசிக்ஸ் மூன்றாம் வருடம். எனக்கு முன்னால் அவள் நடக்காத இடமே அந்தக் கட்டடத்தில் கிடையாது.

இந்தப் பருவத்தில் பிசிக்ஸ் மிஸ் எங்களுக்குத் தொலைநோக்கி கொடுத்தார். கையில் அல்ல. அது உலகத்தின் மறுபக்கத்தில் ஏதோ ஒரு மலைமேல் இருக்கிறது. நாங்கள் இங்கே நேரத்தைப் பதிவுசெய்து, எந்த நட்சத்திரம் வேண்டும் என்று கணினியில் எழுதிக் கொடுத்தால், அங்கே கூரை திறந்து, தொலைநோக்கி தானாகவே திரும்பிப் படமெடுத்து அனுப்பும். எங்களுக்குக் காலை ஒன்பதரை, அதற்கு நடுநிசி. வெளியே மைதானத்தில் விசில் சத்தம் கேட்கிறது, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், திரையில் இப்போதுதான் எடுத்த ராத்திரி வந்து இறங்குகிறது. முதல் படம் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், அதில் பொரி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஒரு படத்தில் குறுக்கே நேர்கோடு போட்டுக்கொண்டு ஒரு செயற்கைக்கோள் ஓடியிருந்தது. லேபில் எனக்கு ஜோடியான கொட்டாவிகூட அன்றைக்குக் கொட்டாவி விடவில்லை. அவள் பெயருக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வேலை இதுதான். ஒரு நட்சத்திரம் சில மணி நேரத்துக்குள் கிடுகிடுவெனப் பிரகாசமாகி, பிறகு மெல்ல மங்கும். நான்கு நிமிடத்துக்கு ஒரு படமாக நான்கு மணி நேரத்தில் அறுபது படங்கள். ஒவ்வொன்றிலும் அந்த நட்சத்திரத்தின்மேல் ஒரு சின்ன வட்டத்தை வைக்க வேண்டும். உள்ளே எவ்வளவு வெளிச்சம் என்று எண் வரும். பக்கத்திலேயே இன்னொரு நட்சத்திரம் உண்டு, மாறாமல் ஒரே மாதிரி இருப்பது. அதையும் அளந்து, முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். மெல்லிய மேகம் குறுக்கே போனால் இரண்டுமே மங்கும். வகுத்துவிட்டால் மேகம் கணக்கிலிருந்து கழன்றுகொள்ளும். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. இந்த மாறாத நட்சத்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் காவல்காரன். அதை மிஸ்தான் மூன்று வருடம் முன்பு, இந்தச் செய்முறையைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்திருந்தார். அறுபது விடைகளையும் வரைபடத்தில் வைத்தால் வழவழவென்று ஒரு வளைவு வரும்: செங்குத்தாக ஏறும், சாய்வாக இறங்கும்.

சூடு கண்ட பூனை நான். நூற்றிருபது வட்டத்தையும் என் கையாலேயே வைத்தேன். எண்ணைச் சத்தமாகச் சொன்னேன், கொட்டாவி எழுதினாள். மூன்று நாள் மதிய இடைவேளை போயிற்று. வளைவு ஏறியது, அழகாக இறங்கியது, இறங்கும் வழியில் முப்பத்து நான்காம் படத்திலிருந்து நாற்பத்து நான்குவரை ஒரு மேடு எழும்பி, மறுபடி இறங்கியது. காளையின் முதுகில் திமில் இருப்பதுபோல் இருந்தது.

மிஸ் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"இந்தப் பதினொரு புள்ளியும் அளந்ததா, எழுதினதா?"

"அளந்தது மிஸ்."

"நடுவுல தூங்கிட்டீங்க. உத்தேசமா எண்ணைப் போட்டு நிரப்பிட்டீங்க."

"மிஸ், காப்பி அடிக்கறவ சரியான வளைவைத்தானே காப்பி அடிப்பா? அது வெளியில சுவத்துலயே மாட்டியிருக்கு!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நானே. மிஸ்ஸின் முகம் இறுகியது. "ஒழுங்கா அளக்கலைன்னு எழுதி வைக்கிறேன். திங்கட்கிழமைக்குள்ள சரியா அளந்து குடு. இல்லைன்னா ரெண்டாவது கடிதம் வீட்டுக்குப் போகும். எனக்கு இதுல சந்தோஷம் இல்ல, போ."

அன்று புதன்கிழமை. கடிதத்தைவிட எனக்கு எரிந்தது வேறு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை அடி முதல் நுனி வரை நேர்மையாகச் செய்திருக்கிறேன், அதை ஒருத்தரும் நம்பவில்லை. பொய் சொன்னபோது மாட்டியதுகூட இவ்வளவு அவமானமாக இல்லை. வெளியே வந்தேன். லேப் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இந்தச் செய்முறையின் முதல் வருடத்து வளைவு தொங்குகிறது. கீழே முத்து முத்தான கையெழுத்தில் என் அக்காவின் பெயர். இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது அந்த வளைவு.

"திமிலைச் சீவி விட்டுடு" என்றாள் கொட்டாவி. "பதினொரு புள்ளிதானே. எல்லாரும் இந்தச் சட்டத்தைப் பாத்துத்தான் போடறாங்க."

"நீ பேசாம தூங்குடி."

மறுபடி அளந்தேன். திமில் அசையவில்லை. வட்டத்தைப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். முழுப் பூசணிக்காயாக அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. கோபம் தீர்ந்து, வியாழக்கிழமை மதியம், எனக்கு வேறொன்று தோன்ற ஆரம்பித்தது: நான் தப்பு செய்யவில்லை என்றால், அங்கே மேலே என்னதான் நடந்தது?

மிஸ் கொடுத்த தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. நேரமிருந்தால் மூன்றாவதாக ஒரு நட்சத்திரத்தையும் அளந்து சரிபார்க்கவும். இந்தப் பள்ளியில் யாருக்கு நேரமிருந்திருக்கிறது? நான் ஓரத்தில் ஒரு சாதாரண நட்சத்திரத்தைப் பிடித்து, அறுபது படத்திலும் அளந்தேன். எங்கள் நட்சத்திரத்தைக் காவல்காரனை விட்டுவிட்டு இதனால் வகுத்தேன். வளைவு வழவழவென்று இறங்கியது. திமிலைக் காணோம்.

பிறகு காவல்காரனையே எடுத்து இதனால் வகுத்தேன். முப்பத்து மூன்று படம் தட்டையாக வந்தது. முப்பத்து நான்கில் இறங்க ஆரம்பித்து, முப்பத்து ஒன்பதில் குழியின் அடியைத் தொட்டு, ஏறி, நாற்பத்து ஐந்திலிருந்து மறுபடி தட்டை. வேலியே பயிரை மேய்ந்திருந்தது. மாறாமல் நிற்கும் என்று நாங்கள் நம்பிய நட்சத்திரம் முக்கால் மணி நேரம் மங்கிப்போயிருக்கிறது. அதால் வகுத்ததில் எங்கள் நட்சத்திரம் பிரகாசமானதுபோலத் தெரிந்திருக்கிறது.

"கொட்டாவி, எழுந்திரு!"

"நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள். நிஜமாகவே முழித்திருந்தாள், வாயைப் பிளந்துகொண்டு.

மிஸ் இந்தத் தடவை பேனாவை மூடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "காவல்காரன் ரெண்டு நட்சத்திரமா இருந்து, ஒண்ணையொண்ணு சுத்தி வந்தா இப்படி ஆகலாம். ஒண்ணு இன்னொண்ணை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். ரொம்பத் தூரம்கறதால நமக்கு ஒரே புள்ளியாத்தான் தெரியும்" என்று தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆனா இது ஒரு ராத்திரி. ஒரு ராத்திரியை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. அங்க மழைக்காலம் ஆரம்பிச்சாச்சு, ஆறு வாரம் கூரை திறக்காது. பழைய பேட்ச் படம் எல்லாம் சர்வர்ல கிடக்கு. அதுலயும் இந்தக் குழி இருக்கான்னு பாரு. இருந்தா, நீ அளந்தது மட்டும் போதாது. வேற ஒருத்தர் அளந்து காட்டணும். இந்த வேலை தெரிஞ்சவங்களா, உங்க வகுப்புல இல்லாதவங்களா." கொஞ்சம் தயங்கினார். "உன்மேல கோபத்துல சொல்லலை. யாரா இருந்தாலும் இதையேதான் கேப்பாங்க."

பாதி உண்மை. மீதிப் பாதி பியூரெட்டில் இருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பழைய படங்களைத் திறந்தேன். இரண்டாவது பேட்ச் படங்களில் பாதிக்குமேல் மேகம், ஒன்றுக்கும் உதவாது. மூன்றாவது பேட்ச்சில் கடைசிப் பதினைந்து படத்துக்குள் குழி பளிச்சென்று இருந்தது. துள்ளிக் குதித்தேன். அடுத்தது முதல் பேட்ச். ஒவ்வொரு படத்தோடும் எடுத்தவர் பெயர் ஒட்டியிருக்கும். அறுபதிலும் என் அக்காவின் பெயர்.

மூன்று நட்சத்திரத்தையும் அளந்தேன். பத்தொன்பதில் குழி ஆரம்பித்தது, இருபத்து நான்கில் அடி, இருபத்து ஒன்பதில் முடிந்தது. அதே ஆழம், அதே பதினொரு படம். நம்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலுக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று அங்கே போய் நின்ற பிறகுதான் புரிந்தது. படத்தில் குழி இருந்தால் வளைவில் திமில் இருந்தாக வேண்டும். கண்ணாடிக்குள் பத்தொன்பதாம் புள்ளியிலிருந்து எண்ணினேன். வழவழவென்று இருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இத்தனை வருடமாக "உங்க அக்காவைப் பாரு" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான். பார்த்தேன், அப்பா, நல்லாப் பார்த்தேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவளுடைய குட்டை உடைக்காமல் என் வார்த்தையை நிரூபிக்க முடியாது. நிரூபிக்காவிட்டால் திங்கட்கிழமை கடிதம். போதாக்குறைக்கு, அளக்கத் தெரிந்த, எங்கள் வகுப்பில் இல்லாத ஆள் என்று எனக்குத் தெரிந்தது உலகத்திலேயே ஒருத்திதான்.

சாயங்காலம் அக்கா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்வியிருந்தாள். வரும் வழியெல்லாம் பக்குவமாகப் பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். எதிரே நின்றதும் நேராகக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, உன் வளைவுல பத்தொம்பதுலேர்ந்து இருபத்தொம்பது வரைக்கும் என்ன பண்ணே?"

அவள் கிளிப்பை எடுக்கவில்லை. அப்பாவின் சட்டையை மடித்தாள். மடித்ததை உதறி, மறுபடி மடித்தாள். பிறகு ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துக் கூடையில் போட்டாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. படத்தை அளந்தேன்."

"அறுபதுமா?"

"அறுபதும்."

"மேடு வந்துச்சா?" அவள் குரலில் பயத்தைவிட அவசரம் அதிகம் இருந்தது. "அங்க மேடு வந்துச்சாடி?"

"வந்துச்சு."

அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான் மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் வந்துச்சு. புத்தகத்துல வேற மாதிரி இருக்கு, எனக்கு மட்டும் ஒட்டகம் மாதிரி இருக்கு. நான் தப்பா அளந்துட்டேன்னு நெனச்சேன். நான் போய்த் தப்பா அளக்கலாமா? எல்லாரும் என்ன சொல்லுவாங்க? பதினொரு புள்ளியையும் எறக்கி விட்டுட்டேன். அதைப் போய் சட்டம் போட்டு மாட்டிட்டாங்க. அந்தப் பக்கம் நான் போறதே இல்ல, தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் அவளுக்குத் தலைவலி வரும். பெரிய மனுஷி ஆகிவிட்டாள், நம் பள்ளிக்கெல்லாம் வருவாளா என்று நான்தான் அம்மாவிடம் வத்தி வைப்பேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். காவல்காரன் மங்கியதைச் சொன்னபோது அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் சரியாத்தான் அளந்திருக்கேன்" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. "உன் படத்தை விட்டுடறேன்க்கா. மூணாவது பேட்ச் இருக்கு. முதல் பேட்ச்லயும் மேகம்னு சொல்லிடறேன்."

"பழைய தேதி எவ்ளோ பின்னாடி போகுதோ, அவ்ளோ துல்லியமா அந்த ரெண்டும் ஒரு தடவை சுத்துற நேரம் கிடைக்கும். என்னுது மூணு வருஷம் முந்தினது. அதை விடறேன்னு சொல்ற, பைத்தியமா நீ? தவிர உனக்குப் பொய் சொல்ல வரவே வராது. பியூரெட்ல கொஞ்சம் தண்ணியாவது ஊத்தி வெச்சிருக்கலாம்."

இருவரும் சிரித்துவிட்டோம். அவளுக்குச் சிரிப்பின் நடுவிலேயே கண்ணில் தண்ணீர். "அளக்க ஆள் வேணும்னாங்கல்ல? நாளைக்கு நானே வரேன்" என்று சொல்லிவிட்டுத் துணிக்கூடையை என் தலையில் கட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை காலை லேபில் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா வந்ததைப் பார்த்ததும் மிஸ்ஸுக்கு முகமெல்லாம் பல். "இவளைவிடச் சரியான ஆள் எங்க கிடைக்கும்!" என்றார். நான் தரையைப் பார்த்தேன். என் எண்களை ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அக்காவுக்கு அதைக் காட்டக் கூடாது என்பது மிஸ்ஸின் நிபந்தனை. அக்கா சுட்டியைப் பிடித்து, தன் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வட்டம் வைத்து, எண்ணைச் சொன்னாள். நான் எழுதினேன். முதல் பதினெட்டும் மளமளவென்று போயிற்று. பத்தொன்பதில் அவள் குரல் இறங்கியது. இருபது, இருபத்து ஒன்று. மிஸ் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றுகொண்டார்.

இருபத்து நான்காவது படத்தில் வட்டம் வைத்தாள். எண் வந்தது. அவள் வாசிக்கவில்லை.

"என்னம்மா?"

"இதே எண்தான் மிஸ், அன்னைக்கும் வந்துச்சு. நான் மறக்கவே இல்ல." அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "வெளியில மாட்டியிருக்கறது நான் அளந்தது இல்ல. அதுல பதினொரு புள்ளி நானா போட்டது. நீங்க அதைக் கழட்டிடுங்க."

மைதானத்தில் யாரோ பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. மிஸ் திட்டுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "ஏன் என்கிட்ட வந்து கேக்கல?" என்றார்.

"கேட்டா, நீ ஒழுங்கா அளக்கலைன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு மிஸ்."

மிஸ் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "அப்படித்தான் சொல்லியிருப்பேன். இவகிட்ட அதைத்தான் சொன்னேன். எந்த நட்சத்திரத்தை நம்பணும்னு உங்க எல்லாருக்கும் எழுதிக் குடுத்தது நான். ஒரு தடவைகூட நான் அதைச் சரிபாக்கல."

அக்கா மெல்ல அந்த எண்ணை வாசித்தாள், நான் எழுதிக்கொண்டேன். மிஸ் இன்னொரு நாற்காலியை இழுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் கையிலிருந்து சுட்டியை வாங்கினார்.

"குழியில மீதி இருக்கற அஞ்சையும் நான் அளக்கறேன்."

இருபத்தைந்தாவது படம் திறந்தது. மிஸ்ஸுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வட்டம் நட்சத்திரத்தை விட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. நகர்த்தினார், தள்ளி வைத்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். எண்ணைச் சொன்னார். பிறகு கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் தாளைப் பாத்துச் சொல்லு. நான் சரியா அளந்திருக்கேனா?"

தாளைத் திருப்பினேன். எண்கள் கலங்கித் தெரிந்ததால் ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்தேன்.

"சரியா இருக்கு மிஸ்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்தைத் திறந்தார்.